பழசைக் காட்டணும்

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதுமே கார் திணற ஆரம்பித்தது. அக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சினின் சத்தம்தான் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. மேலே காய்கறி ஏற்றப் போகும் காலி லோரி ஒன்று ஹார்ன் அடித்துவிட்டு எங்களை முந்திக்கொண்டு போனது.

"அப்பா, லோரிகூட நம்மள முந்திட்டுப் போகுது!" என்று பின்னால் இருந்த என் மகள் சிரித்தாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.

"வண்டிக்கு மூச்சு முட்டுதுடா. ஏர் ஃபில்டர் எப்ப மாத்துன?"

"போன சர்வீஸ்லதான்ப்பா மாத்துனாங்க. பில்லு இருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுக்குப் போனதும் தொறந்து பாரு" என்றார். அதற்குமேல் அந்தப் பயணம் முழுவதும் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்கு 41 வயது. கிள்ளானில் வீடு, கோலாலம்பூரில் வேலை. கணக்குத் தணிக்கை என் தொழில். ரசீதில் எழுதியிருக்கும் பொருள் உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான், என் காரின் போனட்டைத் திறந்து உள்ளே கை வைத்ததே இல்லை. கண்ணாடி துடைக்கும் தண்ணீர் ஊற்றுவதோடு சரி.

இத்தனைக்கும் என் அப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கார் மெக்கானிக்காக இருந்தவர். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, 17 வயதில் கிள்ளானில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, பின்னாளில் வீட்டை ஒட்டித் தகரக்கூரை போட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்தவர். நான் பள்ளி விட்டு வந்து அந்தக் கூரைக்குள் கால் வைத்தால் போதும். "இங்க உனக்கென்ன வேலை? போய்ப் படி" என்று விரட்டிவிடுவார். ஒரு ஸ்பேனரைக்கூட என் கையில் கொடுத்ததில்லை.

அந்தப் பட்டறையைப் பற்றி எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒன்றுதான். வேலை முடிந்து வண்டிக்காரர் பணம் கொடுக்க வரும்போது, தரையில் ஒரு பழைய நாளிதழ் விரித்திருக்கும். அதன் மேல் அந்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமான்கள் வரிசையாக இருக்கும். தேய்ந்த பிரேக் பேட், கருகிய ஸ்பார்க் பிளக், அழுக்கேறிய ஃபில்டர். "இதெல்லாம் எதுக்குண்ணே, தூக்கிப் போடுங்க" என்று வண்டிக்காரர் மூக்கைச் சுளிப்பார். அப்பா விடமாட்டார். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டுவார். "பழசைக் காட்டணும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. சிறுவனாக இருந்த எனக்கு அது ஒரு கிழட்டுப் பிடிவாதமாகத் தெரிந்தது. நண்பர்கள் வந்தால் அந்த எண்ணெய்க் கறை படிந்த நாளிதழைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகவேண்டும் என்பதில் எனக்கு வெட்கமும் உண்டு.

நான் கார் வாங்கிய பிறகும் அதைக் கவனித்துக்கொண்டவர் அப்பாதான். எண்ணெய் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பாட்டுக்குச் செய்துவிடுவார். 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார்கள் மருத்துவமனையில். அதற்குப் பிறகு காரை அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் விட ஆரம்பித்தேன். குளிர்சாதன அறை, இலவச காப்பி, வேலை முடிந்ததும் வரிசையாகச் சரி போட்ட ஒரு தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. பழைய சாமான்களை யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மலையிலிருந்து திரும்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டு முன் போர்ச்சில் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் போனட்டைத் திறந்தேன். மகள் டார்ச் லைட்டோடு பக்கத்தில் நின்றாள்.

"எஞ்சின் ஆறியிருக்கான்னு பாரு. சாவியை வெளிய எடுத்து வை. இப்ப அந்தத் தடிச்ச கறுப்புக் குழாய் தெரியுதா? அது எங்கேருந்து வருதுன்னு பாத்துக்கிட்டே போ."

குழாயைப் பின்தொடர்ந்து பார்த்தேன். ரொட்டி டப்பா அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் போய் முடிந்தது. அதுதான் ஏர் ஃபில்டர் பெட்டி. சில கார்களில் அதன் மூடியை ஸ்குரூ பிடித்திருக்கும். என் காரில் நான்கு கிளிப்புகள். ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படவில்லை, விரலாலேயே நெம்பிவிட முடிந்தது.

"மெதுவா. மூடியிலயோ குழாயிலயோ ஒயர் போகுதா பாரு. இருந்தா அதப் புடிச்சு இழுத்துடாத" என்றார் அப்பா.

மூடியைத் தூக்கினேன். உள்ளே மடிப்பு மடிப்பாக மடித்த காகிதம், அதைச் சுற்றி ரப்பர் விளிம்பு. அந்தக் காகிதம் ஒரு காலத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்திருக்க வேண்டும். இப்போது அடுப்புக்கரி நிறம். மடிப்புகளுக்கு நடுவில் காய்ந்த இலைத்துணுக்குகள், பூச்சிச் சிறகுகள், மணல். மகள் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்தாள். துளி வெளிச்சம்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

ஆனால், என்னை அதிரவைத்தது அந்த அழுக்கு இல்லை. ரப்பர் விளிம்பின் ஓரத்தைத் துணியால் துடைத்தபோது வெள்ளை மார்க்கரில் எழுதிய எழுத்துகள் தெரிந்தன.

12.3.22. அதற்குப் பக்கத்தில், 61,400.

அப்பாவின் கையெழுத்து. அந்த 2-இன் வாலைக் கொஞ்சம் நீட்டி வளைப்பது அவருடைய வழக்கம். மாற்றிய தேதியையும் அப்போது ஓடியிருந்த கிலோமீட்டரையும் ஃபில்டரின் விளிம்பிலேயே எழுதிவைப்பது அவர் பழக்கம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

உள்ளே போய் மீட்டரைப் பார்த்தேன். 107,850. என் கோப்பை எடுத்து வந்தேன். தணிக்கைக்காரன் அல்லவா, எல்லா ரசீதும் தேதி வாரியாக இருந்தது. 2023-இல் ஒன்று, 2024-இல் ஒன்று. இரண்டிலும் 'ஏர் ஃபில்டர்: 45 ரிங்கிட்' என்று இருந்தது. இரண்டு முறை பணம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு முறைகூட மாற்றவில்லை. அப்பா கடைசியாகப் போட்ட ஃபில்டரோடுதான் வண்டி 46,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "படம் எடுத்து ஃபேஸ்புக்ல போட்டுக் கிழிக்கிறேன் பாருங்க. எவன் இதத் தொறந்து பாத்துட்டு அப்படியே மூடினான்னு எனக்குத் தெரியும். அந்தச் சின்னப் பையன்தான். அவன் மூஞ்சி ஞாபகம் இருக்கு" என்று கத்தினேன்.

"அத இங்க கொடு" என்று அப்பா கையை நீட்டினார்.

ஃபில்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நடுங்கும் விரலால் அந்த எண்களைத் தடவினார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"அந்தப் பையனத் திட்டாதடா. நானும் செஞ்சிருக்கேன்."

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

1982 வாக்கில் நடந்ததாம். அப்பா அப்போது முதலாளியிடம் வேலை செய்துகொண்டிருந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் தன் டட்சன் 120ஒய் காரை சர்வீசுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தினமும் செம்மண் சாலையில் போய்வரும் வண்டி. அந்தக் காலத்துக் கார்களில் எஞ்சினுக்கு மேலேயே சோற்றுப் பானை மூடி மாதிரி ஒரு வட்ட மூடி இருக்கும். நடுவில் இரண்டு காதுகள் வைத்த நட்டு. அதைக் கையால் திருகி மூடியைத் தூக்கினால் உள்ளே வளையம் போல ஃபில்டர்.

"தொறந்தா ஒரே செம்மண்ணு. புதுசு எடுக்கப் போனேன். முதலாளி, 'காத்தடிச்சுப் போடு, புதுசுன்னு எழுதிக்கலாம்'னாரு. கம்ப்ரஸர்ல ஓங்கி அடிச்சேன். மேலாப்புல பாத்தா சுத்தமாத்தான் இருந்துச்சு. போட்டு மூடிட்டேன்."

மூன்று வாரம் கழித்து வாத்தியார் திரும்பி வந்தார். வண்டி கரும்புகை விடுகிறது, பெட்ரோல் தண்ணீர் மாதிரி போகிறது, சம்பளத்தில் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"எனக்குக் காரணம் தெரியும். சொல்லியிருக்கலாம். முதலாளி பக்கத்துல நின்னாரு. கார்புரேட்டர அப்படி இப்படித் திருகிக் கொடுத்தேன். அதுக்கும் அஞ்சு வெள்ளி வாங்கிக்கிட்டாரு. வாத்தியாரு போறப்ப என்னத் தனியாக் கூப்பிட்டு, 'காப்பி குடிப்பா தம்பி'ன்னு என் கையில ரெண்டு வெள்ளி வச்சாரு. 'நல்லா இரு'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அந்த ரெண்டு வெள்ளிய என்ன செஞ்சீங்க தாத்தா?" என்று கேட்டாள் மகள்.

"செலவுதாம்மா பண்ணேன். வேற என்ன பண்றது?"

பிறகு அந்த வாத்தியாரைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். அடுத்த ஆண்டு அவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். "பாத்தா சொல்லிடணும்னு ரொம்ப நாள் இருந்தேன். பாக்கவே இல்ல" என்றார்.

அந்த நாளிதழ் விரிப்பு என் கண்முன் வந்தது. யார் மூக்கைச் சுளித்தாலும் விடாமல், தேய்ந்த பிரேக் பேடையும் கருகிய பிளக்கையும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு முறையும் யாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார் என்பது இப்போது புரிந்தது.

"அதனாலதான் என்னப் பட்டறைப் பக்கம் விடலையாப்பா? நான் கை அழுக்காகக் கூடாதுன்னு நெனச்சேன்."

"கை அழுக்கானா கழுவிக்கலாம்டா" என்றார் அப்பா.

அன்று மதியம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் என் காருக்குரிய ஃபில்டர் வாங்கினேன். 24 ரிங்கிட். பில்லை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்பா சொன்னதையும் நான் பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் காகித மடிப்பு செய்யும் வேலை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9,000 லிட்டர் காற்று. 35 லிட்டர் பெட்ரோல் ஊற்றினால், அது தீர்வதற்குள் மூன்று இலட்சம் லிட்டருக்கு மேல் காற்று அந்தச் சின்னப் பெட்டி வழியாகப் போகிறது. சாலைத் தூசியில் இருக்கும் மணல் துகள் உள்ளே போனால் சிலிண்டரையும் பிஸ்டன் வளையத்தையும் உப்புத்தாள் தேய்ப்பது போலத் தேய்த்துவிடும். அதைத் தடுப்பதற்குத்தான் இந்த ஃபில்டர்.

அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது வண்டியைப் பொறுத்தது. வாத்தியாரின் டட்சன் போன்ற கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. அதனால்தான் கரும்புகை, பெட்ரோல் விரயம். இன்றைய கார்களில் உள்ளே வரும் காற்றை உணரும் கருவி இருக்கிறது. அதற்கேற்ப கணினி பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது. புதிய வகைக் கார்களில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் செலவில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. வேகம் எடுக்கும் சக்திதான் குறைகிறது. அதனால்தான் நகரத்துக்குள் ஓட்டியவரை எனக்கு எதுவும் தெரியவில்லை. மலைப்பாதைதான் காட்டிக்கொடுத்தது.

புதிய ஃபில்டரைப் போடுவதற்கு முன் பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார் அப்பா. எஞ்சினுக்குப் போகும் குழாய் வாயில் ஒரு துணுக்குகூட விழக்கூடாது என்பதால், முதலில் அதைச் சுத்தமான துணியால் அடைக்கச் சொன்னார். துடைத்து முடித்ததும், "குழாய்லேருந்து துணிய எடுத்துட்டியா?" என்று இரண்டு முறை கேட்டார். ஃபில்டர் இல்லாமல் எஞ்சினை முடுக்கவே கூடாது. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. காற்றை ஓங்கி அடித்தால் காகிதம் கிழியும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது, தூசிக்குத் தெரியும்.

"ரப்பர் விளிம்பு பள்ளத்துல சுத்தி உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பாரு. ஒரு இடம் தூக்கிக்கிட்டு இருந்தாலும் தூசி அந்த வழியாப் போயிடும். அப்புறம் ஃபில்டர் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

தடவிப் பார்த்தேன். ஒரு மூலையில் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. சரியாக அமுக்கினேன்.

மூடப் போனபோது, "நில்லு, எழுதல" என்றார். மார்க்கரைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன். கையில் வாங்கினார். விளிம்புக்குக் கொண்டுபோனார். மார்க்கர் முனை ரப்பரில் படாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேத்தியிடம் கொடுத்தார். அவள் நாக்கை நீட்டிக்கொண்டு அழுத்தமாக எழுதினாள். தேதி, 107,850.

நான்கு கிளிப்பையும் மாட்டினேன். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிட வேலை. இதற்குத்தான் இத்தனை ஆண்டுகளாக நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பழைய ஃபில்டரை ஒரு பையில் போட்டுக்கொண்டு, இரண்டு ரசீதோடு அந்தப் பட்டறைக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை. "பையன்கிட்ட கேக்காத. முதலாளியக் கேளு" என்று மட்டும் சொன்னார்.

முதலாளி ரசீதுகளைப் பார்த்தார். நான் விளிம்பில் இருந்த தேதியைக் காட்டினேன். முதலில் வேலையாட்களின் கவனக்குறைவு என்றார். "ரெண்டு முறையுமா?" என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. 90 ரிங்கிட்டை எண்ணி மேசையில் வைத்தார். எடுத்துக்கொண்டேன். "இனிமே கழற்றுற பழைய சாமானை வண்டிக்காரங்ககிட்ட காட்டச் சொல்லுங்க" என்றேன். தலையாட்டினார். செய்வாரா என்பது அவருக்குத்தான் தெரியும். நான் ஃபேஸ்புக்கில் எதுவும் போடவில்லை. அங்கு மீண்டும் போகப்போவதும் இல்லை.

வெளியே வரும்போது அந்தப் பையன் ஒரு காரின் போனட்டுக்குள் குனிந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது. என் கையில் இருந்த ஃபில்டரைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவன் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன். நான் நிற்காமல் நடந்து வந்துவிட்டேன்.

காரில் ஏறியதும் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"பையனத் திட்டலையே?"

"இல்லப்பா."

அவர் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

உங்கள் கார் கையேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஏர் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று அதில் இருக்கும். தூசி நிறைந்த சாலையில் ஓடும் வண்டி என்றால் அதற்கு முன்பே பார்க்கவேண்டும். நீங்களே மாற்றினாலும் சரி, பட்டறையில் கொடுத்தாலும் சரி, பழசைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் அதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார்.

அந்தப் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடச் சொல்லி அப்பா இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் போடவில்லை. நன்றாகத் தட்டி, பையில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். 2-இன் வாலை நீட்டி வளைத்து அவர் எழுதியது வீட்டில் இனி எங்கே கிடைக்கும்?

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய நாள்காட்டியில் மகள் ஓர் எண்ணை எழுதி வட்டம் போட்டிருக்கிறாள். 127,850. அடுத்த முறை ஃபில்டர் மாற்றவேண்டிய கிலோமீட்டர். அன்றைக்கு பெட்டியைத் திறக்கப்போவது அவள்தானாம். நான் டார்ச் பிடித்தால் போதுமாம்.